தகப்பன் பெயர் இல்லாத வரி

என் மனைவி ஞானமணியின் சாம்பலை அவளுடைய தாயின் கல்லறையில் வைப்பதற்காகத் திருவள்ளூர் மாவட்டத்துக்குச் சென்றேன். ஐந்து நாள் பயணம். வழியில் பேசியவர்களில் பலர், வயதான காலத்தில் சொந்த ஊரைப் பார்க்க வந்தவன் என்று என்னை எண்ணிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

நாங்கள் நாற்பது ஆண்டுகள் வடக்கு இங்கிலாந்தில் வாழ்ந்தோம். நான் பொருளாதார வரலாறு கற்பித்தேன். அவள் மருத்துவமனையில் செவிலியர்களுக்குப் பயிற்சி அளித்தாள். கடைசி வாரத்தில் ஒரே ஒரு முறை, "என்னை அம்மாகிட்ட வெச்சிடுங்க" என்றாள். எதையும் இரண்டு முறை சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவளுடைய பெற்றோர் யாக்கோபும் ராகேலும் கும்மிடிப்பூண்டியை ஒட்டிய ஒரு சிற்றூரில் கூலி வேலை செய்தவர்கள். அவ்வூர்ச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் ஒரே குழியில் இருக்கிறார்கள். தோட்டத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்துவிட்டதால் இடம் போதவில்லை. ஆகவே, ஒரு குடும்பத்தின் குழியை அக்குடும்பத்தின் இரத்த வாரிசுக்கு மட்டுமே மறுபடி திறப்பது என்று சபை விதி செய்திருக்கிறது. வாரிசு என்பதற்கு ஞானஸ்நானப் பதிவு வேண்டும். பழைய பதிவேடுகள் கரையானுக்குப் போய்விட்டன என்றும் என் கடிதத்துக்குப் பதில் எழுதியிருந்தார்கள்.

கரையான் எட்டாத இடத்தில் அவை இருந்தன. வம்சாவளி தேடுவோர் அறிந்த பெரிய இணையதளங்கள் முதல் கட்டத்திலேயே குடும்பப் பெயரைக் கேட்கும். ஞானமணிக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து ஒன்று மட்டும் உண்டு. நான் வாழும் நாட்டில் வேட்டை நாய்களின் வம்சாவளிக்குக்கூட அகரவரிசை அட்டவணை உண்டு. கும்மிடிப்பூண்டிக் கூலிக்காரருக்கு எவரும் அட்டவணை போட்டதில்லை. ஆயினும், எந்தக் காலத்திலோ ஒரு மிஷன் சங்கம் நுண்படம் எடுத்து வைத்த சபைப் பதிவேடுகளை வெளிநாட்டு நூலகம் ஒன்று படம் படமாக இணையத்தில் ஏற்றியிருக்கிறது. தலைப்பு "பலவகை, தமிழ்" என்பதுதான். அறுநூற்றுச் சொச்சம் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அவள் இறந்து மூன்றாவது வாரம். வேறு வேலையும் எனக்கு இல்லை. ஞானமணி என்ற பெயரும், அவள் பிறந்த நாளுக்குப் பதினொரு நாள் பிந்திய தேதியும் ஒரே வரியில் கிடைத்தன. அந்தப் பக்கத்தை அப்படியே சபைக்கு அனுப்பினேன்.

சபைச் செயலரின் பதில் மூன்று வரியில் வந்தது. நான் அனுப்பிய பதிவின்படி ஞானமணியின் தாய் பெயர் சின்னம்மாள்; ராகேல் அல்ல. தகப்பன் பெயருக்கான கட்டம் காலி. எனவே யாக்கோபின் குழியைத் திறக்க இயலாது.

மூல ஆவணத்தை விளிம்பிலிருந்து விளிம்புவரை படிக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் சொன்னவன் நான். பெயரையும் தேதியையும் கண்டவுடன் நிறுத்திவிட்டேன். அவளுக்கு எதிரான சான்றை என் கையாலேயே அனுப்பி வைத்திருக்கிறேன். அன்றே பயணச்சீட்டு எடுத்தேன்.

வியாழக்கிழமை திருவள்ளூரில் இறங்கினேன். அது நான் பிறந்த ஊர். மறுநாள் ஆடி அமாவாசை என்பதை மறந்திருந்ததால், மின்சார ரயிலில் ஒற்றைக் காலில் நின்றபடி வந்தேன். கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கவும், மறைந்தோருக்கு எள்ளும் நீரும் இறைக்கவும் ஊர் ஊராகக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. எங்கள் குடும்பம் பெருமாளுக்குக் கைங்கரியம் செய்யும் குடும்பம். தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எட்டு வயதில் ஒப்பிப்பார்கள். பதிவேடு தேவைப்பட்டதே இல்லை. நான் ஞானமணியை மணந்த அன்று என் தகப்பனார் எனக்காகத் தலைமுழுகினார். அந்த ஒப்பித்தலில் என் பெயர் அதன் பிறகு இல்லை.

சித்தப்பா மகன் ரங்கன் ரயிலடிக்கே வந்திருந்தான். நல்லவன். வீட்டு வாசலில் என் கைப்பையைக் கவனித்து, அதில் என்ன இருக்கிறது என்று அறிந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதேங்கோ. நாளைக்குத் தர்ப்பணம். அதை ஆத்துக்குள்ள கொண்டு வர வேண்டாமே. கார் ஷெட்டுல வெச்சுப் பூட்டிடலாம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

சாவியைப் பற்றிய அந்த உபசாரம் உண்மையானது. அவன் மனைவி எனக்காகப் புளியோதரை செய்திருந்தாள். வாசலில் நின்றபடியே தொன்னையில் வாங்கி உண்டேன். மிளகு சற்றுத் தூக்கலாக, மிகவும் நன்றாக இருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அந்த வாசலைத் தாண்ட அவளுக்கு அழைப்பு வந்ததில்லை. இப்போது அவளை ஷெட்டில் பூட்டிவிட்டு நான் மட்டும் உள்ளே போக இயலாது. இதை ரங்கனிடம் சொல்லவில்லை. காலையில் சீக்கிரம் பேருந்து பிடிக்க வேண்டும் என்று கூறி, நிலையத்தை ஒட்டிய விடுதியில் அறை எடுத்துக்கொண்டேன்.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதானால் சென்னைவரை சென்று வேறு தடத்தில் வடக்கே திரும்ப வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை காலை பெரியபாளையம், அதை அடுத்த ஆரணி வழியாகப் பேருந்தில் புறப்பட்டேன். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக அம்மன் கோயிலுக்குப் போகும் பெண்கள் நிறைந்த பேருந்து. பையை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் அமர்ந்த பெண்மணிக்கு அது பொறுக்கவில்லை.

"மேல வையி நைனா. இன்னாத்துக்குக் கொயந்தயாட்டம் மடியில வெச்சிகினு வர்ற?"

உடையும் என்றேன். ஊறுகாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தன் கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துப் பையின் மேல் வைத்துவிட்டுப் பெரியபாளையத்தில் இறங்கிப் போனாள்.

ஆரணிக்குச் சற்று முன்பாகக் கியர் சிக்கிக்கொண்டு பேருந்து நின்றுவிட்டது. நான் வாழும் ஊரில் பேருந்து தாமதமானால் அனைவரும் அறிவிப்புப் பலகையைப் பார்த்தபடி மௌனமாக நிற்பார்கள். இங்கே ஐந்து நிமிடத்தில் ஓட்டுநருக்கு எட்டுப் பேர் வைத்தியம் சொன்னார்கள். பத்தாவது நிமிடத்தில் நடத்துநருக்கும் அவர் மைத்துனனுக்கும் உள்ள தகராறுவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆரணிவரை நடந்து, ஒரு சிற்றுண்டிக் கடையில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். எதிரே வடக்கேயிருந்து வந்த தொழிலாளர் இருவர். ஒருவர் தொலைபேசியில் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்: "சாப்பிட்டேன் அம்மா. நிஜமாகத்தான். இதோ, மென்று காட்டவா?" பிறகு ஷேர் ஆட்டோவில் நெடுஞ்சாலைக்குச் சென்று வேறு பேருந்து பிடித்தேன்.

சிற்றூர் இப்போது ஓர் உருக்காலையின் சுற்றுச்சுவருக்கும் ஒரு சரக்குக் கிடங்குக்கும் இடையே இருக்கிறது. இலைகளின் மேல் இரும்புத் தூள் செந்நிறமாகப் படிந்திருந்தது. ஆலயத்தை அடுத்த அறையில் செயலர் சாமுவேல் காத்திருந்தார். ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நாற்காலி போட்டார், மோர் வரவழைத்தார். பிறகு பையைப் பார்த்து, "எரிச்சிட்டீங்களா சார்?" என்றார். ஆம் என்றேன்.

ஞானமணியின் பள்ளிச் சான்றிதழை நீட்டினேன். அதில் தகப்பன் பெயர் யாக்கோபு என்றே இருக்கிறது. அவர் அதைத் தொடவில்லை.

"இஸ்கூல்ல யாரு பேர வேணா எழுதலாம் சார். சபைக்கு ஞானஸ்நானப் பதிவுதான். அதுவும் நீங்க அனுப்சதுதான், நான் ஒண்ணும் தோண்டி எடுக்கல. சின்னம்மா அப்பவே புருசன் இல்லாதவங்கன்னு பெரியவங்க சொல்றாங்க. தகப்பன் கட்டம் காலி. புரிஞ்சிக்கோங்க. அந்தப் புள்ளயக் கொண்டாந்து யாக்கோபு குழில வெச்சா, நாளைக்கு நாலு பேரு கேப்பான். பேஜாரு எதுக்கு? புதுத் தோட்டத்துல எடம் தரோம்."

அவர் எதைப் புரிந்துகொள்ளச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கியது. எழுபத்திரண்டு வயதில் இறந்த ஒருத்தியை, எவனோ ஒருவனுக்கு ஒரு விதவையிடம் பிறந்தவள் என்று, மோர் கொடுத்து உபசரித்தபடியே சொல்ல முடிகிறது. எனக்குப் புரியவில்லை என்றும், புரியும்வரை இவ்வூரிலேயே தங்கப்போகிறேன் என்றும் கூறிவிட்டு எழுந்தேன். குரலை உயர்த்தவில்லை. மோரையும் குடிக்கவில்லை.

வாக்காளர் பட்டியலை வம்சாவளிக்கான ஆவணமாக எவரும் கருதுவதில்லை. அது இணையத்தில் பாகம் பாகமாகக் கிடைக்கிறது: வீட்டு எண், பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது. பதிவேட்டின் திருமணப் பக்கங்களில் சின்னம்மாளின் மகன் தாவீது என்று கண்டிருந்தேன். சனிக்கிழமை காலை அவ்வூரின் பாகத்தைக் கும்மிடிப்பூண்டியில் எடுத்த விடுதி அறையில் அமர்ந்து வரி வரியாகப் படித்தேன்; இம்முறை விளிம்பிலிருந்து விளிம்புவரை. தாவீதின் மகள் எஸ்தர், வயது ஐம்பத்தொன்று, ஆலயத் தெரு. ஒருத்திதான் இருந்தாள்.

எஸ்தர் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. முதல் ஷிப்ட் முடிந்து, புடவைமேல் மாட்டிய சீருடைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் படியில் அமர்ந்திருந்தாள். சின்னம்மாள் அவளுடைய தகப்பனின் தாய்தான். நான் நீட்டிய தாளை வாங்கி, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

"அய்ய, இது தவிட்டுக்கு வாங்குன சங்கதி மாமா" என்றாள். நான் எப்போது மாமா ஆனேன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அவள் தன் தகப்பனிடம் கேட்டதைச் சொன்னாள். ராகேலுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, பெயர் வைக்குமுன்பே இறந்தன. நான்காவது பிறந்ததும், பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் ஒரு முறம் தவிட்டைக் கொண்டுவந்து ராகேலின் மடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"சாவு வந்து, ராகேல் ஊட்ல கொயந்த கீதான்னு கேட்டா, இல்லன்னு சொல்லணும். வேதக்காரங்க, பொய்யும் சொல்லக் கூடாது. அதான் நெசமாவே வித்துட்டாங்க."

ஞானஸ்நானத்தன்று பிள்ளையை ஏந்தி நின்றவள் சின்னம்மாள். யார் பிள்ளை என்று உபதேசியார் கேட்க, என்னுடையது என்றாள். தகப்பன் பெயரைக் கேட்க, அவர்தான் செத்துப்போய்விட்டாரே, எழுதாதீர்கள் என்றாள். ராகேல் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் நின்றாள். பால் கொடுத்ததும் வளர்த்ததும் ராகேல்தான். காகிதத்தில் மட்டும் பிள்ளை அடுத்த வீட்டில் இருந்தது. நான்கு ஆண்டில் சின்னம்மாள் இறந்துபோனாள். அதன் பிறகு ராகேல் பதிவைத் திருத்தக் கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டா சாவுக்குத் தெரிஞ்சிடுமே" என்றாள் எஸ்தர்.

ஞானமணிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு முறையாவது சொல்லியிருப்பாள்.

எஸ்தர் சோறு போட்டாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கரண்டியை நிறுத்தி, "நீங்க ஐயராமே, சாப்டுவீங்களா?" என்று கேட்டாள். ஐயங்கார் என்றும், சாப்பிடுவேன் என்றும் சொன்னேன். ஞானமணி ஆண்டுக்கணக்கில் முயன்று என்னைப் பழக்கியிருந்தாள். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை முழுவதும் அதே படத்தொகுப்பின் அடக்கப் பதிவேட்டைப் படித்தேன். மூன்று வரிகள் கிடைத்தன. ராகேலின் ஆண் பிள்ளை, மூன்று நாள். ராகேலின் பெண் பிள்ளை, ஒரு வாரம். ராகேலின் ஆண் பிள்ளை, ஒரு நாள். மூன்றிலும் பெயர்க் கட்டத்தில் கோடு. பின்னர் சின்னம்மாளின் வரி: வயது அறுபத்திரண்டு. எனில் ஞானமணி பிறந்தபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு. அந்த வயதில் பிள்ளை பெற்றிருக்க முடியாது என்பதைச் செயலருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அத்துடன் நிறுத்தாமல் பிற ஆண்டுகளையும் பார்த்தேன். தகப்பன் கட்டம் காலியாக, தாயோ வயது முதிர்ந்த விதவையாக, அண்டை வீட்டில் அடுத்தடுத்துச் சிசு மரணங்களாக, அந்தப் பதிவேட்டில் மேலும் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். ஏழு பேரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, உரிய பக்கங்களை அச்செடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபைக் குழு கூடியது. போதகர் இளையவர், புதிதாக வந்தவர், பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார். சாமுவேல் தாள்களைப் பார்த்தார். அவர் அநியாயக்காரர் அல்லர். ஒரு வழி சொன்னார்: பொய்த் தகவல் கொடுத்து எழுதப்பட்ட பிழையான பதிவு என்று நான் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அதைக் கொண்டு பதிவைத் திருத்தி, குழியைத் திறக்கலாம்.

ஒரு கையெழுத்து. நான் வந்த காரியம் அத்துடன் முடிந்துவிடும். பேனாவையும் அவரே நீட்டினார்.

"முடியாது" என்றேன். "அது பொய் அல்ல. ராகேல் விற்றாள், சின்னம்மாள் வாங்கினாள். இருவருக்கும் சம்மதம். ஏமாந்தது சாவு என்ற ஒரே ஒருவர்தான். அவரும் அடுத்த வீட்டில் தேடிக் கண்டுபிடித்து வந்து சேர எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த எழுபத்திரண்டில் நாற்பத்தைந்து எனக்குக் கிடைத்தன. இதைப் பிழை என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். குழியையும் திறக்க வேண்டும்."

குழுவில் குணசீலி என்றொரு பெண்மணி இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. என் பட்டியலை இழுத்துக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று செயலரைப் பார்த்தார்.

"டேய் சாமுவேலு, மூணாவது பேரப் பாரு. மோசே, தாய் எலிசாள். இது உங்க நைனாடா."

நான் அறிந்திருக்கவில்லை. என் பட்டியலில் அவை பெயர்கள் மட்டுமே. சாமுவேல் தாளை வாங்கினார். இன்னொரு முறை படித்தார்.

"உங்க நைனாவ எந்தக் குழில வெச்சீங்க?" என்று குணசீலி கேட்டார்.

"தாத்தா குழில."

"தொறந்தப்போ யாருனா பேப்பர் கேட்டாங்களா?"

சாமுவேல் என்னிடம் திரும்பி, அந்தப் பக்கத்தின் நகல் தனக்கு ஒன்று வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். கையிலிருந்ததையே கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அதில் வெற்றி உணர்வு ஏதும் உண்டாகவில்லை.

வாங்கிய வீட்டின் சம்மதம் வேண்டாமா என்று போதகர் தயங்கினார். வாசலில் நின்றிருந்த எஸ்தர் உள்ளே வந்தாள்.

"எங்க ஆயா வாங்குனது வாங்குனதுதான், ஐயரே. இவங்க எங்க அத்த. அத்தைய அவங்களப் பெத்தவங்ககிட்ட வெக்கறதுக்கு எங்க ஊட்ல சம்மதம். எழுதிக்கோங்க" என்று போதகரைப் பார்த்துச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் குழியைத் திறந்தார்கள். எஸ்தர் ஷிப்டுக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். முழங்கை ஆழத்துக்குமேல் தோண்டத் தேவைப்படவில்லை. போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஆலையில் சங்கு ஊதியது. அது ஓயும்வரை அவர் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் குனிந்து அவளை வைத்தேன். சாமுவேல் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அதன் பிறகு அறைக்குச் சென்று அடக்கப் பதிவேட்டைத் திறந்தார். பெயர், வயது எழுதினார். தகப்பன் கட்டத்தில், என்னைக் கேட்காமலேயே, யாக்கோபு என்று எழுதினார். தாய் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"ராகேல், சின்னம்மாள்" என்றேன்.

"ரெண்டு பேரு எழுத எடமில்ல சார்."

"சிறியதாக எழுதுங்கள்."

எழுதினார். குறிப்புக் கட்டத்தில் என்ன எழுத என்று அவரே கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்: "தவிட்டுக்கு வாங்கப்பட்டவர். திருத்தம் இல்லை."

இந்தப் பதிவேட்டையும் ஒரு நாள் எவரேனும் படம் பிடித்து எங்கோ ஏற்றி வைக்கலாம். நூறு ஆண்டுக்குப் பிறகு எவரேனும் அந்த வரியைக் கண்டு, ஒருத்திக்கு எப்படி இரண்டு தாய் என்று குழம்பலாம். குழம்பட்டும். கும்மிடிப்பூண்டிக்கு வந்து கேட்கட்டும்.